அப்டேட் ஏறும்வரை

உங்கள் கம்ப்யூட்டரை இப்போது அணைக்க வேண்டாம், மேடம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எண் நகரவில்லை என்றுதானே ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகிறீர்கள்? உள்ளே வேலை நடக்கிறது. பழைய பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதைப் பொருத்துகிறது. நடுவில் நிறுத்தினால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. காத்திருக்கலாம். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டய்யா கையால் எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் ஆல்வின். போத்தனூரில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அப்பா அமிர்தநாதன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு நாங்கள் இருவர்தான். தங்கை ஜெனிதா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவள் வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டதில் அப்பா பல வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு மின்னஞ்சலில் சமாதானம் ஆனார்கள். போன் மட்டும் வேண்டாம் என்பார் அப்பா.

"எழுதுனா யோசிச்சு எழுதலாங் கண்ணு. வாயத் தொறந்தா எனக்கு வேற மாதிரி வந்துபோடுது."

அப்பாவுக்கு வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் பார்வை மிச்சம். எழுத்தைப் பெரிதாக்கி, கையில் லென்ஸையும் வைத்துக்கொண்டு, அவள் கடிதத்தைக் காலை முழுவதும் படிப்பார். வரக்காப்பி ஆறிப் போயிருக்கும். நான் பக்கத்தில் நிற்பதே தெரியாது.

அப்பாவின் கம்ப்யூட்டரில் முதல் தடவை அப்டேட் தோற்றது தானாகத்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காரணம் இடம் போதாமைதான். புதியது வந்து உட்கார இடம் இல்லை என்றால், மெஷின் பாதி வரை போய், செய்ததையெல்லாம் தானே கலைத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். பார்ப்பதற்குக் கெட்டுப்போனது போல இருக்கும். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. எங்கள் மெஷின் அதுவும் முடியாமல் நின்றுவிட்டது. சரி செய்ய சில நாட்கள் ஆயின. அதுவரை ஜெனிதாவின் கடிதத்தை என் போனில் எடுத்து வாசித்துக் காட்டினேன். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்.

"நீ படிச்சா அவ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குதுடா கண்ணு" என்றார்.

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, மேடம். அந்தக் கை அதற்கு முன் என் தோளில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

கம்ப்யூட்டர் சரியானதும் அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு திரை முன்னால் போய்விட்டார்.

அடுத்த அப்டேட்டை நான்தான் தோற்க வைத்தேன். கஷ்டமில்லை. ஒன்றுக்கும் உதவாத பெரிய கோப்பு ஒன்றை உள்ளே போட்டு இடத்தை அடைத்துவிட்டால் போதும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "ஏறிப்போச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "இன்னும் இல்லைங்கப்பா. மெஷினத் தொடாதீங்க, நான் படிக்கறேன்" என்பேன்.

எல்லாவற்றையும் படிக்க மாட்டேன். அண்ணன் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொள்கிறானா, கண் அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனானா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். கூடவே இருப்பவன் நான். அந்த வரிகள் தேவையில்லை என்று பட்டது. அப்பா பெயரில் நானே பதில் போட்டேன். "பார்த்தாச்சு அம்மணி, டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தேன். நான் இல்லாத நேரத்தில் அப்பா தானே கம்ப்யூட்டரைத் திறந்து லென்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, கண்ணு செக்கப் போனீங்களான்னு கேட்டிருக்காளே? நீ படிக்கவே இல்லியே?"

"விட்டுப்போச்சுங்கப்பா."

"நல்லா உட்டே போ. பள்ளிக்கூடத்துலயும் நீ ஒரு வரி உட்டுட்டுத்தான் படிப்பே" என்று சிரித்தார். அவர் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணின் கதையும் எளிதானதுதான். உள்ளே ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஊறிய அளவு வடிய வேண்டும். வடியாவிட்டால் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். அதைத் தடுக்கத்தான் தினமும் சொட்டு மருந்து. அப்பாவுக்குக் கை நடுங்கும் என்பதால் நான்தான் விடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் திரை அவருக்கு வெறும் வெளிச்சமாகிவிட்டது. லென்ஸை மேசை டிராயரில் எடுத்து வைத்தேன். வீட்டில் இவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. ஒருநாள் சொட்டு விடும்போது அப்பா சொன்னார்.

"முன்னெல்லாம் மருந்து உட்டா எரியுங் கண்ணு. இப்ப சுத்தமா எரியறதில்லை."

"வேற கம்பெனி மருந்துங்கப்பா."

"நல்ல கம்பெனியா இருக்குது போ."

அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று ஜெனிதாவுக்கு எப்படியோ பட்டிருக்கிறது. எழுத்தைச் சத்தமாக வாசித்துச் சொல்லும் வசதி புது அப்டேட்டில் தமிழிலும் இருக்கிறது, அண்ணாவிடம் ஏற்றித் தரச் சொல்லுங்கள் என்று எழுதினாள். பக்கத்துத் தெரு ஃபெமினா வந்திருந்தபோது அந்தக் கடிதத்தை அவளைப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டார் அப்பா. சின்னப் பையன் மாதிரி சந்தோஷம்.

"மெஷினே படிச்சுச் சொல்லுமாமே! இனி உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை பாரு."

அந்த அப்டேட்டும் ஏறவில்லை. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தோம். அப்பா அந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "ஏறிப்போச்சா கண்ணு?" என்பார். பாதியில் மெஷின் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு திரும்பும். நான் அவர் கையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டு கடிதத்தை வாசிப்பேன்.

போன வாரம் ஜெனிதா சொல்லாமல் வந்து இறங்கினாள். "என்னம்மணி, ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?" என்று அப்பா அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸ் அல்லவா, டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தாள். கடைக்குப் போய் அதே மருந்தில் புதுப் பாட்டில் வாங்கி வந்தாள். தலையை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டு விட்டாள். அப்பா துள்ளிவிட்டார்.

"ஏனம்மணி இப்படி எரியுது?"

"அப்படித்தானுங்கப்பா எரியும். இத்தனை நாளும் எரியலையா?"

அப்பா கண்ணை மூடியபடி முகத்தைத் திருப்பினார். நான் நின்றிருந்த இடத்துக்கு நேராக, மிகச் சரியாகத் திருப்பினார். ஜெனிதா பிரிட்ஜைத் திறந்து என் பாட்டிலை எடுத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

ஆமாம், தண்ணீர்தான். மருந்தைக் கொட்டிவிட்டு நான்தான் ஊற்றி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. வெறும் குழாய்த் தண்ணீர் என்று எழுதிவிடாதீர்கள். கொதிக்க வைத்து, ஆற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். அவர் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது?

இதோ, உங்கள் மெஷின் திரும்ப ஆரம்பித்துவிட்டது. மாற்றங்களைக் கலைக்கிறேன் என்கிறது பாருங்கள். பயப்பட வேண்டாம், இடம்தான் போதவில்லை. நான் ஒரு நிமிடத்தில் சரி செய்து தருவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மேடம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். அவர் இருமல் கேட்கிறது. புகாரில் கைரேகை வாங்குவதற்கு முன் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமல்லவா? அந்நியர் குரல் அவருக்குப் பழக்கமில்லை. ஜெனிதா வாசித்தால் அழுதுவிடுவாள். இப்படிக் கொடுங்கள், நான் வாசிக்கிறேன்.