பாதியில் நின்ற ‘நான்’

அவைக்குத் தலைமை ஏற்று, என்னை எப்படி அறிமுகம் செய்வதென்று தவித்து, கடைசியில் ஒரே வரியில் தப்பித்துக்கொண்ட நூலகத் தலைவர் திரு. ஹென்ரிக் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியும் முதிர்ந்த அறிவுமாக வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளைகளைக் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மழையிலே சைக்கிள் மிதித்து, காற்றிலே கவிழாமல், நம் உட்ரெக்ட் நகரத்துப் பாலங்களையெல்லாம் தாண்டி, முழங்கால்வரை நனைந்து வந்திருக்கும் நண்பர்களே! பின்வரிசையிலே, காப்பி இலவசம் என்பதற்காகவே வந்திருக்கும் பெருமக்களே! உங்களை எனக்குத் தெரியும், நானும் உங்கள் கட்சிதான். அனைவருக்கும் அன்பு கலந்த மாலை வணக்கம்!

இன்று இந்த மேடையில் நிற்க வேண்டியவர் நான் இல்லை. மெய்யியல் பேராசிரியர் ஒருவர். ‘நான் என்பது யார்? துறைகள் தரும் விளக்கம்’ என்பது தலைப்பு. அவர் அந்தத் தலைப்பைப் பற்றி ஆழமாகச் சிந்தித்துக்கொண்டே சைக்கிளில் வந்திருக்கிறார்; ட்ராம் தண்டவாளத்துக்குள் முன்சக்கரம் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உடம்பு வேறு, நான் வேறு என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர், இப்போது ‘என் காலு, என் காலு’ என்று கத்துவதாகக் கேள்வி. விரைவில் அவர் நலம் பெறட்டும்!

அவருக்குப் பதிலாக என்னை அழைத்தார்கள். நான் வில்லமைன். பல்கலைக்கழகத்தில் கோலேந்தி. பட்டம் பெறுவோரின் வாய்மொழித் தேர்வு நடக்கும் மண்டபத்துக்குள், கறுப்பு அங்கி அணிந்து, வெள்ளிச் சலங்கை கட்டிய கோலை ஏந்தி, பேராசிரியர்களை வரிசையாக அழைத்து வருபவள். முக்கால் மணி நேரம் முடிந்த கணமே, அந்தக் கோலைத் தரையில் ஊன்றி, ‘ஹோரா எஸ்ட்’ என்று முழங்குபவள். நேரமாயிற்று என்று பொருள். நான் முழங்கிவிட்டால் பேசுகிறவர் யாரானாலும், எந்தச் சொல்லில் இருந்தாலும், அந்தச் சொல்லிலேயே நிற்க வேண்டும். அமைச்சர் மகன் நின்றிருக்கிறான். ஆயர் நின்றிருக்கிறார். என் சொந்தத் தங்கையும் நின்றாள். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட நான் ‘நான்’ என்பதைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறேன்? விளக்கம் சொல்ல எனக்கு வராது, வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து துறைகள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு மனிதனைக் கண்ணெதிரே நிறுத்தி, ‘இவன் யார்?’ என்று கேட்டதை நான் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

ஹெஸ்டர் என்றொரு பெண். அவள் கணவர் யெல்லே, பல் மருத்துவர். இந்த ஊரில் பலருடைய வாய் அவருக்குத் தெரியும். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்தார். ஆனால் கண் விழித்தவர் கட்டிலருகே இருந்த ஹெஸ்டரைப் பார்த்து, மிக மரியாதையாக, ‘சிஸ்டர், ஒரு காப்பி கிடைக்குமா?’ என்றார்.

சிரிக்கிறீர்கள். ஹெஸ்டரும் சிரித்தாள், விளையாடுகிறார் என்று நினைத்தாள். விளையாட்டில்லை. வாழ்க்கையின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மனிதருக்குள் இல்லை. படித்த படிப்பு இருந்தது, பல் பிடுங்கும் பழக்கம் இருந்தது, பால்ய நண்பர்கள் இருந்தார்கள். காதலித்தது இல்லை, கைப்பிடித்தது இல்லை, ஹெஸ்டரே இல்லை.

இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ‘சரி, ஊரே சொல்கிறது, நீதான் மனைவி’ என்று வீட்டுக்குப் போயிருப்பார். யெல்லே ஃப்ரீஸ்லாந்துக்காரர். நம் நாட்டிலேயே நேர்மைக்குப் பேர் போனவர்கள், பிடிவாதத்துக்கும்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட ஆளைத் தனக்குத் தெரியாது, தெரியாத ஆள் கொடுத்த வாக்கைத் தான் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டுவிட்டு, மாடியறைக்குக் குடிபோய்விட்டார். ஒரே வீடு, ஒரே கதவு, ஒரே அடுப்பு. கீழே மனைவி, மேலே மரியாதைக்குரிய அண்டைவீட்டார்!

ஹெஸ்டர் அழுதாளா? அழுதாள். அழுதுவிட்டு என்ன செய்தாள்? ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள்! நினைவு போன மனிதன் அதே மனிதன்தானா என்பதே தலைப்பு. சட்டியை உடைத்து அழும் ஊர்கள் உண்டு. நம் ஊரில் ஆய்வேடு எழுதி அழுவோம். யெல்லேயும் அதற்கு ஒப்புக்கொண்டார். ஆய்வு முடியட்டும், நான் அதே ஆள்தான் என்று நீ நிரூபித்தால் கீழே வருகிறேன், இல்லையென்றால் வடக்கே வேறு ஊரில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு பேரும் காப்பி மேசையில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் பேசி முடித்தார்களாம். எனக்குத்தான் கேட்கும்போதே கோபம் வந்தது.

தேர்வுக்கு முன் அவர்கள் ஒத்திகைக்கு வந்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. ஆய்வாளருக்கு இருபுறமும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருவர் நிற்பது நம் வழக்கமல்லவா? ஒரு பக்கம் ஹெஸ்டரின் தங்கை. மறுபக்கம் யெல்லே, அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். ‘இந்தத் தோழனுக்கு என்னம்மா வேலை?’ என்றார். வால்கோட்டு போட்டு வாயை மூடி நிற்பதுதான் வேலை என்றேன். அந்தக் காலத்தில் ஆய்வாளர் திணறினால் தோழன் முன்வந்து பதில் சொல்லலாம். அந்த விதியை யாரும் நீக்கவில்லை, யாரும் பயன்படுத்தவும் இல்லை.

அவர் வால்கோட்டை அளவு பார்க்கப் போன நேரத்தில் ஹெஸ்டரிடம் மெல்லக் கேட்டேன், ஆய்வின் முடிவு என்ன என்று. அவள் முகம் வாடிவிட்டது.

‘ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் கீழ வந்துருவான்மா. ஆனா என் ஆய்வு அப்படிச் சொல்லலையே. ஒவ்வொரு துறையும் ஒவ்வொண்ணு சொல்லுது. பொய் சொல்லி அவனைக் கூப்பிட்டா, வந்தும் வராத மாதிரிதானே?’

அவையோரே, அந்தப் பெண்ணின் வாழ்வும் வாய்மையும் நேருக்கு நேர் நின்றன! எதை விடுவாள்?

நாள் வந்தது. மண்டபம் நிறைந்தது. கோலைக் குலுக்கிக்கொண்டு ஐவரையும் அழைத்து வந்து அமர்த்திவிட்டு, நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

முதலில் மூளையியல் அம்மையார். மூளைக்குள் ‘நான்’ என்று ஒரு ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைக்காதே. உள்ளே இருப்பது கூட்டம், கோடிக்கணக்கான நரம்புகளின் கூட்டம், தலைவரே இல்லாத கூட்டம் என்றார். தலைவர் ஹென்ரிக் அவர்கள் மன்னிக்க வேண்டும். அது மூளையைச் சொன்னது, இந்த நூலகத்தைச் சொன்னது அல்ல. காய்ச்சல் அந்தக் கூட்டத்தில் பல பேரைக் கலைத்துவிட்டது, பிறகு அதே கூட்டம் என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். ஹெஸ்டர் அழகாகப் பதில் சொன்னாள். கூட்டம் தினமும் கலைகிறது, தினமும் கூடுகிறது. உங்களுக்கும் எனக்கும் உறங்கி எழும்போதெல்லாம் அதுதான் நடக்கிறது என்றாள்.

அடுத்து உளவியலார். மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதைதான் ‘நான்’ என்றார். பன்னிரண்டு ஆண்டுக் கதை கிழிந்து போனால் நாயகன் மாறிவிட மாட்டானா? குணம் மாறவில்லை, சிரிப்பு மாறவில்லை, சூப்பில் உப்பு போதாது என்று சொல்வதும் மாறவில்லை என்றாள் ஹெஸ்டர். மண்டபம் சிரித்தது. யெல்லே மட்டும் சிரிக்கவில்லை. உண்மையிலேயே உப்பு போதவில்லை போலும்.

மூன்றாவது சமூகவியலார். நீ யார் என்பதை நீ தீர்மானிப்பதில்லை, உன்னைப் பார்ப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். தெருவில் அத்தனை பேரும் யெல்லே என்று அழைத்தால் அவன் யெல்லேதான் என்றார். நான்காவது சட்டத்தார். சட்டத்துக்குச் சந்தேகமே கிடையாது! அதே பிறந்த தேதி, அதே கைரேகை, அதே கணவன். தேர்தலுக்கு ஓட்டுச்சீட்டு அவர் பெயருக்குத்தான் வந்தது. இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஏன் இவ்வளவு தடித்த ஆய்வேடு என்று அவர் உண்மையாகவே வியந்தார்.

கடைசியாக மெய்யியலார். ஆமாம், காலை உடைத்துக்கொண்ட அதே பெருமகனார்தான்! பொல்லாதவர் இல்லை, கேள்வி என்று வந்துவிட்டால் எதிரே இருப்பது யாரென்று பார்க்கத் தெரியாதவர். அவர் சொன்னார்: ‘எல்லாத் துறையும் பேசியாச்சு. பக்கத்துல நிக்கிறாரே உங்க கணவர், அவர் அதே ஆளா, இல்லையா? ஒரே சொல்லுல சொல்லுங்க.’

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ஆம் என்றால் அவளுடைய ஆய்வு பொய். இல்லை என்றால் அவளுடைய வீடு காலி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். முதன்முறையாகக் கடிகாரம் வேகமாக ஓடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது யெல்லே ஓரடி முன்னே வந்தார்.

தோழன் பதில் சொல்ல அனுமதி உண்டா என்று கேட்டார். தேர்வுக்குத் தலைமை தாங்கியவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். விதி உண்டு என்று தலையசைத்தேன்.

‘அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க’ என்று தொடங்கினார். ‘போட்டோவுல பாத்திருக்கேன். மீசை நல்லாயில்ல. அவன் இவளைக் காதலிச்சான்னு சொல்றாங்க, இருக்கலாம். அவன் குடுத்த வாக்கு அவனோடது. ஆனா இவ ராப்பகலா எழுதினதைக் கீழ உக்காந்து சத்தமாப் படிச்சுப் பாப்பா. மேல கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டவன் அவன் இல்ல, நானு. ஒரு வரி அவளுக்குச் சரியா வரலைன்னா எனக்குத் தூக்கம் வராது. போன வருஷமே வேற ஊருல வேலை கிடைச்சுது. ஏதோ சாக்குச் சொல்லிப் போகல. அதனால, நான் அதே ஆளா இல்லையாங்கிறதை நீங்க பேசிக்குங்க. இவகிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ஹெஸ்டர், நான்...’

ஹோரா எஸ்ட்!

யாரது, அங்கே ‘அடிப்பாவி’ என்றது? மூன்றாவது வரிசை அம்மாவா? ஆமாம் அம்மா, நானேதான்! முக்கால் மணி முடிந்தது, கோலை ஊன்றினேன், சலங்கை குலுங்கியது. கணவனுக்கு ஒரு நேரம், கன்னியாஸ்திரிக்கு ஒரு நேரம் என்று கோல் வளைந்தால் அது கோலா? அதைவிட வேடிக்கை கேளுங்கள். அந்த மண்டபத்தில் ஒருவர், ஒரே ஒருவர், ‘பேசி முடிக்கட்டும்’ என்று எழுந்தாரா? இல்லை! யெல்லேயாவது கத்தினாரா? அவரும் இல்லை! அப்படியே வாயை மூடிக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றார். பேராசிரியர்கள் எழுந்து என் பின்னால் வரிசையாக நடந்தார்கள். பற்றி எரிகிற வீட்டிலும் வரிசை எண் வாங்கி நிற்கிற மக்கள் நாம்!

தீர்ப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஆய்வேட்டைப் பற்றி யாராவது பேசினார்களா? ஐவரும் அந்த வாக்கியத்தின் மிச்சத்தைத்தான் பேசினார்கள். யெல்லேயின் நாடித்துடிப்பு ஏறியிருந்தது, அது காதல் என்றார் மூளையியலார். அது புதுக் கதையின் முதல் வரி என்றார் உளவியலார். இத்தனை சாட்சிகள் முன்னால் பேசியதால் பின்வாங்க முடியாது என்றார் சமூகவியலார். முடியாத வாக்கியம் செல்லாது என்றார் சட்டத்தார். மெய்யியலார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் மனிதர்தான்.

திரும்பி வந்து பட்டத்தைக் கொடுத்தார்கள். அதற்கு நடுவிலும் தோழன் பேச விதி இல்லை. எல்லோரும் விருந்தறைக்குப் போனோம். வாழ்த்து வரிசை நீண்டது. நமக்குத்தான் வழக்கம் உண்டே: வென்றவரை மட்டுமா வாழ்த்துவோம்? அவரைச் சேர்ந்தவர்களையும் கைகுலுக்கி, ‘உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்’, ‘உங்கள் மனைவிக்காக வாழ்த்துகள்’ என்போம். யெல்லேயிடம் யார் அதைச் சொல்வது? எப்படிச் சொல்வது? வரிசை தயங்கியது. கேக்கைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.

அவர் பேச்சை வெட்டியவள் நான்தானே! கோலைச் சுவரில் சாத்திவிட்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். கையை நீட்டி, ‘வாழ்த்துகள்’ என்றேன். அவர் கையை விடவில்லை.

‘எதுக்கு வாழ்த்துன்னு முழுசாச் சொல்லுங்கம்மா’ என்றார்.

சொன்னேன்: ‘உங்க மனைவிக்காக வாழ்த்துகள்.’

‘நன்றி’ என்றார் யெல்லே. ‘இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கலை.’

அவளுக்குக் கேட்டுவிட்டது! அத்தனை பேர் முன்னால், பட்டச் சுருளைக் கையில் பிடித்தபடியே, அந்தப் புது முனைவர் அழுத அழுகை இருக்கிறதே! நானும் அழுதேன்.

அன்பர்களே! துறைகள் தோற்றனவா? தோற்கவில்லை! மூளை கலைந்தும் கூடும் என்று சொன்னதும் உண்மை. மனிதன் தன் கதையில் வாழ்கிறான் என்றதும் உண்மை. பிறர் அழைக்க அழைக்கத்தான் நாம் ஆளாகிறோம் என்றதும் உண்மை. அதே ஆள், அதே கணவன் என்று சட்டம் சொன்னதும் உண்மை. அவை நேற்றுவரை வந்த மனிதனை நமக்கு விளக்கின. நாளைக்கு யாராக இருக்கப் போகிறாய் என்று கேட்டால் எந்தத் துறை பதில் சொல்லும்? அதை அந்த மனிதன்தான் சொல்ல வேண்டும்! மறந்தவனும் சொல்லலாம், மாறியவனும் சொல்லலாம், மீசையை மழித்தவனும் சொல்லலாம்! தெரியாத ஒருவனின் வாக்கைச் சுமக்க மறுத்த அதே நேர்மைதான், தன்னுடைய வாக்கைத் தானே கொடுக்க அவரைப் படியிறக்கிக் கொண்டுவந்தது. யெல்லே இப்போது கீழ்வீட்டில் இருக்கிறார். மாடியறையில் ஹெஸ்டர் தன் அடுத்த புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். சூப்பை அவர் வைக்கிறார்.

பேச்சறியாத என்னைப் பேச வைத்த நூலகத்தாருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, திட்ட வேண்டிய இடத்தில் சரியாகத் திட்டிய மூன்றாவது வரிசை அம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தும் தன் குறிப்புகளை அனுப்பிவைத்த பேராசிரியருக்கும் — ஒரு வரிகூடப் படிக்கவில்லை, மன்னிப்பாராக — என் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் பக்கத்தில் இருக்கும் மனிதருக்காக உங்களுக்கு என் வாழ்த்துகள். மழை விட்டுவிட்டது. பத்திரமாக மிதித்துப் போங்கள். வணக்கம்!