வடக்கு முனையில் தூவிய சாம்பல்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். ஆற்றோரம் போகும் பழைய மில் சாலை... அந்த நேரத்தில் அதில் ஒரே ஒரு வண்டி. ஹார்லன் டட்டிலின் பிக்கப். பின்னால் ஒரு மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, நனைத்த சாக்கு ஒன்று. முன்விளக்கை அணைத்துவிட்டு நிலா வெளிச்சத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அடுப்புக் கரியில் இன்னும் சூடு இருக்கிறது, நாற்காலிகளைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். விடிந்தால் இந்தப் புது மைதானத்தில் முதல் ஆட்டம், எப்படியும் இங்கே யாரும் தூங்கப்போவதில்லை. இது நம் லொரெட்டாவின் தாய்மாமா ஹார்லனுக்கு நடந்தது. அவள் வண்டிக்குள் படுத்திருக்கிறாள். எழுந்து வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

அன்று காலை ஏழு மணிக்கு, கல்லூரியின் பழைய பெட்டிக்ரூ மைதானத்தை வெடி வைத்துத் தகர்க்கப் போகிறார்கள். ஹார்லனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஐந்து மணி நேரம்தான். அதற்குள் அவர் தன் அண்ணனை வெளியே கொண்டுவர வேண்டும்.

அண்ணன் ராய்ஸ் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

அந்த மைதானத்தின் வடக்கு முனையில் யார் வீட்டுச் சாம்பல்தான் இல்லை? ஆயுள் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்த மனிதர் போய்விட்டால், ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் வீட்டு ஆட்கள் காப்பி ஃபிளாஸ்க்கில் அவரைக் கொண்டுவந்து அந்தப் புல்லில் தூவிவிட்டுப் போவார்கள். சாம்பல் தூவக் கூடாது என்று கல்லூரி பலகை வைத்திருந்தது. காவலாளி அந்தப் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ஹார்லனும் ராய்ஸை அப்படித்தான் கொண்டுபோனார், பச்சை ஃபிளாஸ்க்கில்.

ஆனால் ராய்ஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில், சாவதற்கு நான்கு நாள் முன்பு. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, "எங்க வேணா போடு. ஆத்துல போடு, குப்பையில போடு. வடக்கு முனையில மட்டும் போடாதடா" என்றார்.

ஹார்லன் சிரித்துவிட்டார். வலி மருந்து பேசுகிறது என்று நினைத்தார். இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது அந்த இடத்தை வேண்டாம் என்பானா? அதுவும் ராய்ஸ்? முடிதிருத்தும் கடைகளில் எல்லாம் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில், கோல் போடும் கவட்டைக் கம்பத்தின் உச்சியில் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறவர் ராய்ஸ்தானே?

அது 1987. பத்தொன்பது வருடமாக அக்கரைக் கல்லூரியிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தோம். அன்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். சுவரைத் தாண்டிக் கூட்டம் உள்ளே கொட்டியது. வடக்கு முனையின் மஞ்சள் கம்பத்தில் ஏறி, ஆட்டி ஆட்டி, வேரோடு சாய்த்து, தோளில் சுமந்துகொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். பெட்டிக்ரூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் வந்து நிற்கிற இடம் அதுதான். பலகை பெஞ்சின் சில்லிப்பு, சிந்திய பியரின் வாசனை, அப்புறம் கம்பம் சாய்ந்த நாள். அதோடு கண் கலங்கிவிடும்.

படத்தில் இல்லாத ஒன்று உண்டு. அக்கரைக் கல்லூரி வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கும் பையன் ஒருவன். கால்வின் ஓக்ஸ் என்று பெயர், வயது பதினெட்டு. கம்பம் விழுந்தபோது அதன் அடியில் மாட்டிக்கொண்டான். கம்பத்தால் அவன் சாகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் கால்களால் செத்தான். விசாரணையில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: பின்னால் இருந்து தள்ளினார்கள். ஹார்லனும் அதையேதான் சொன்னார். பூட்ஸுக்கு அடியில் ஏதோ மெத்தென்று பட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. யாரோ விட்டுவிட்டுப் போன மேல்கோட்டு என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

ராய்ஸ் அதன் பிறகும் ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. ஆனால் தெற்குப் பக்கம்தான் சீட்டு வாங்குவார். ஆட்டம் வடக்கு முனைக்குப் போனால் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். முப்பது வயதுக்காரருக்கு லேஸ் கட்டத் தெரியவில்லை என்று ஹார்லன் கிண்டல் அடித்துக்கொண்டே இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் கிடக்கும் இடத்துப் புல்லை ஒரு சதுரம் வெட்டி எடுத்து, புது மைதானத்தில் பதிக்க வேண்டும். இதுதான் ஹார்லனின் திட்டம். வெடி வைத்துப் புதைப்பதற்கா அவரை அங்கே விட்டோம் என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி நடீன் வாசலில் நின்று, "கல்யாண நாளை மறந்துட்டீங்க, அண்ணன் கிடக்கிற புல்லு மட்டும் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாக்கை நனைத்துக் கொடுத்தாள்.

மேற்கு வாசலில் காவலாளி க்ளிட்டஸ். இருபது வருடமாக அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்ற அதே மனிதர்.

"இருவது நிமிஷம். தூண் எதையும் தொடாத, எல்லாத்துலயும் வெடி கட்டியிருக்கு."

"அண்ணனை எடுத்துட்டு வந்துடறேன்."

"உங்க அண்ணன் மட்டுமாடா அங்க? பாதி ஊரே கிடக்கு. பாத்து, என் மாமியாரை அள்ளிட்டு வந்துடாத."

ஹார்லன் உள்ளே போனார்.

புல் செத்துக் காய்ந்திருந்தது. வசந்தத்திலேயே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பெஞ்சுகளை எல்லாம் கழற்றி ஏலம் விட்டாயிற்று. இரண்டு கவட்டைக் கம்பங்களும் போன மாதமே போய்விட்டன. ஒன்று ஒரு பல் டாக்டரின் தோட்டத்தில் நிற்கிறது. வடக்கு முனையில் ஒரு குழி மட்டும் இருந்தது.

இடது மூலையிலிருந்து பதினோரு எட்டு எண்ணி நடந்தார். மண்டியிட்டார். மண்வெட்டியை இறக்கினார். ஒரு பக்கம்... இரண்டாவது பக்கம்...

மூன்றாவது வெட்டில் வாசனை வந்தது. அன்று காலையில் வெட்டிய பச்சைப் புல்லின் வாசனை. அதோடு ஈரச் சுண்ணாம்பு. மைதானத்தின் எல்லைக் கோட்டில் கை வைத்தார், விரலில் வெள்ளை ஒட்டியது.

டக்.

ஒரே ஒரு தட்டு. குச்சி, டிரம்மின் விளிம்பில்.

டக்... டக்...

நிமிர்ந்தார். குழி இருந்த இடத்தில் கம்பம் நின்றது. மஞ்சள் நிறம், புதுப் பெயின்ட்.

பிறகு கால்கள். பலகைகள் மேல் ஆயிரம் ஆயிரம் கால்கள், பெஞ்சே இல்லாத படிகளில். சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. எல்லா வாயும் திறந்திருந்தது, எல்லா முகமும் சிரித்தது, காலடியும் இரும்பு முனகுவதும் மட்டும்தான் கேட்டது. முகங்கள் அவருக்குத் தெரிந்தவை. மருந்துக் கடைக்காரர், தலை நிறைய முடியோடு. பாதிரியார், மீசை முளைக்காத வயதில். லொரெட்டாவின் அப்பா. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் ஊருக்குள் தங்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு.

கம்பத்தின் அடியில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். ஆஸ்பத்திரி அங்கி, மொட்டைத் தலை, மணிக்கட்டில் ஊசி ஒட்டிய பிளாஸ்திரி.

"இங்க வேண்டாம்னு சொன்னேன்லடா" என்றார் ராய்ஸ்.

ஹார்லன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. உடல் அசையவில்லை. தலைமாட்டில் அந்த டிரம் பையன் நின்றான். கோபம் எதுவும் இல்லை அவன் முகத்தில். வேலையில் இருக்கிறவனைப் போல, யாரையும் பார்க்காமல் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

கம்பம் சாய்ந்தது. ராய்ஸின் இடுப்பில் விழுந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம்.

அப்புறம் கூட்டம் மிதித்தது. ஹார்லன் அண்ணன் மேல் குப்புறப் படுத்து மறைத்துக்கொண்டார். குதிகால்கள் முதுகில் இறங்கின. விலா ஒன்று போனது. இன்னொன்று போனது. அவருக்குக் கீழே ராய்ஸின் நெஞ்சு ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே போய், காற்று அவர் காதுக்குப் பக்கத்தில் விசில் போல வெளியே வந்தது. இடது கை விரல்கள் மேல் ஒருவன் நின்று, ஏறிக் குதித்துவிட்டுப் போனான். ஹார்லன் பிடியை விடவில்லை. வலது கையால் அடுத்து வந்த காலைத் தாவிப் பிடித்து நிறுத்தினார்.

"டேய், நில்லுங்கடா. கீழ ஆள் இருக்கான்."

அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் குனிந்தான். இருபது வயது. ஒல்லியான கழுத்து, வியர்வையில் ஒட்டிய செம்பட்டை முடி. கண்ணாடியில் அந்த முகத்தை ஹார்லன் எத்தனை வருடம் பார்த்திருப்பார்.

மொத்தக் கூட்டத்திலும் அவன் ஒருவனுக்குத்தான் குரல் இருந்தது.

"தெரியும் பெருசு" என்றான் சிரித்துக்கொண்டே. "அக்கரைக்காரன்தானே?"

சொல்லிவிட்டு, காலைப் பிடித்தவரின் கன்னத்தில் ஓங்கிக் குத்தினான். தாடை விட்டுப்போனது. பிறகு ராய்ஸின் நெஞ்சில் ஏறி நின்று, அவசரம் இல்லாமல், தாளத்துக்கு ஏற்ப இரண்டு முறை குதித்தான். கம்பத்துக்குத் தோள் கொடுத்தான். போய்விட்டான்.

தெற்கு வாசல் வழியாக எல்லாரும் ஆற்றுப் பக்கம் போனார்கள். அமைதி.

ராய்ஸின் கை பிடியில் இருந்தது... பிறகு இல்லை.

டக்.

கம்பம் நின்றது. அடியில் ராய்ஸ், ஒரு காயமும் இல்லாமல், மல்லாந்து. படிகளில் காலடி. மறுபடி முதலிலிருந்து.

ஏழு முறை என்று ஹார்லன் எழுதிக் காட்டினார். தாடையில் கம்பி போட்டிருந்ததால் எல்லாவற்றையும் நடீனுக்கு எழுதித்தான் காட்டினார். ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஆனால் அவர் வேறொரு கணக்கும் போட்டிருந்தார், காகிதத்தின் ஓரத்தில்: பதினோரு வருடத்தில் எத்தனை இரவு என்று.

க்ளிட்டஸ் வாசலை விட்டு நகரவில்லை. அவர் காதில் ஒன்றும் விழவில்லை. சொன்ன இருபது நிமிடம் முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். காய்ந்த புல்லில் ஹார்லன் குப்புறக் கிடந்தார், வாய் நிறைய மண்ணும் ரத்தமும். வாளி காலி. மூன்று பக்கம் வெட்டிய சதுரம் நாலாவது வெட்டுக்குக் காத்திருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, க்ளிட்டஸ் எப்படி உள்ளே விட்டார் என்று போலீஸ் கேட்டு முடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் விடிந்துவிட்டது. ஹார்லனை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டும்போது ஏழு ஆக ஒரு நிமிடம். மேட்டில் எட்டாயிரம் பேர் கூடி, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். நீங்களும் நானும்தான் எண்ணினோம். ஹார்லன் உடைந்த தாடையோடு கத்தினார். உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தார், வார்த்தை உருவாகவில்லை. வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டாள்.

மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

பழைய ரசிகர்கள் கல்லூரிக்கு ஒரு மனு கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நம் பெரியவர்களை இடிபாட்டில் விட முடியாது என்று. கல்லூரியும் பெரிய மனது பண்ணி, வடக்கு முனை மண்ணை ஆறு லாரியில் அள்ளி வந்து, புது மைதானத்தின் வடக்கு முனையில் கொட்டிப் புல் விரித்தது. வாத்தியம் எல்லாம் வைத்து விழா நடந்தது. நடீன் முன்வரிசையில் நின்றாள். கை தட்டச் சொன்னபோது தட்டினாள். இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்... முப்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும்.

ஹார்லனை அடித்தது யார் என்று போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. அக்கரைப் பையன்கள் என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர் இடது கன்னத்தில் கல்லூரி மோதிரத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. டாக்டர் அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தார், ஆளைப் பிடிக்க உதவுமே என்று. கழுகு, கல்லூரிப் பெயர், ஆண்டு. கழுகின் இறக்கை நுனியில் ஒரு சிறிய பிசிறு, வார்ப்பில் நேர்ந்த குறை. நடீன் அந்தப் பிசிறைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வீங்கிப்போயிருந்த கணவரின் வலது விரலில் சோப்பு தடவி, முப்பத்தைந்து வருடமாகக் கழற்றாத மோதிரத்தை மெல்ல உருவி எடுத்தாள். படத்தின் மேல் வைத்தாள். பிசிறு பிசிறோடு பொருந்தியது. மற்றது எதுவும் பொருந்தவில்லை.

மோதிரத்தில் எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தன. கன்னத்தில் ஒவ்வொரு எழுத்தும் நேற்று வெட்டியதைப் போல இருந்தது.