ஐயாயிரம் ஓம்

வால்வு ஆம்பிளிஃபயர் சூடாவதற்கு அரை நிமிடம் வேண்டும் ஐயா. பொறுமை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

சுன்னாகத்தில் எங்கள் ரேடியோக் கடையை நடத்தியவர் அக்கா அபிகாயிலின் கணவர், நதானியேல் அத்தான். தொழில் படிப்பித்தவரும் அவர்தான். "தடையை அளக்கிறதும் ஓம், ஆமெண்டு தலையாட்டுறதும் ஓம். நீ எத்தனை ஓம் சொன்னாலும் நான் மீற்றரிலை பாத்துத்தான் நம்புவன்" என்று பகிடி விடுவார்.

யூடியூப் பார்த்து வால்வுச் சத்தம் கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தேவாலயப் பாடகர் குழுவும் கேட்டது. ஒற்றை வால்வில் ஒன்றை நானே செய்தேன். மூன்று கிழமை குந்தியிருந்து டிரான்ஸ்போமரை ஐயாயிரம் ஓம் லோட்டுக்குக் கையாலேயே சுற்றினேன். இருநூற்றைம்பது வோல்ட் போதும் என்றார் அத்தான். நான் முந்நூற்றுப் பதினைந்து கொடுத்தேன்.

ஒத்திகையில் சத்தம் கரகரத்தது. எல்லோருக்கும் முன்னால் அத்தான் சிரித்தார்.

"வோல்ட்டைக் கூட்டினா லோட்டையும் கூட்ட வேணுமடா. உன்ரை ஐயாயிரம் ஓம் காணாது, எட்டாயிரத்து ஐந்நூறு வேணும். உந்த டிரான்ஸ்போமரைக் கழட்டி எறி."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அத்தானே கழற்ற உட்கார்ந்தார். மின்சாரத்தை நிறுத்தினாலும் கொண்டென்சரில் வோல்ட் தங்கி நிற்கும். அதை இறக்கும் தடையை நான் விடியவே வெட்டி, ஒருமுறை சுவிச்சைப் போட்டு நிறுத்தியும் விட்டிருந்தேன்.

"கொண்டென்சரை இறக்கிப்போட்டியோ?"

"ஓம்."

அன்று மட்டும் அவர் மீற்றரை எடுக்கவில்லை. சிரித்ததற்காக மனம் வருந்தியிருப்பார் போலும்.

உள்ளே கை வைத்ததும் தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதினார். மண்டை பிளந்து சட்டை முழுக்க இரத்தம். ஆனால் சாகவில்லை. "ஏன் தம்பி?" என்று கேட்டார். நான் சுவிச்சைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்தேன். அந்த அரை நிமிடமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறப்பர் உறை போட்ட கையால் அவரை இழுத்துவந்து, அவருடைய விரல்களை உள்ளே அழுத்திப் பிடித்தேன். இறைச்சி கருகும் மணம் வந்தது. உடம்பு அடங்கும்வரை விடவில்லை. என் மற்றக் கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. மின்சாரம் நெஞ்சைக் கடக்காமலிருக்க ஒரு கையால் வேலை செய் என்று பழக்கியவர் அவர்.

கொன்றது நான்தான். எழுதுங்கள் ஐயா. ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கேட்ட நேரம் என் மனதில் இருந்தது அந்த ஐயாயிரம் ஓம்தான். அதைத்தான் சொன்னேன்.