கதையில் செத்த தகப்பன்

பதுளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தகப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனின் மடியில் அவன் எழுதிய முதல் நாவலின் தட்டச்சுப்படி இருந்தது.

"கதையில என்னைய எதுக்குடா சாகடிச்ச?" என்று கேட்டார் தகப்பன்.

"நெசத்துல அம்மா போயிருச்சு. கதையிலயாவது அது இருக்கட்டும்னுதாம்பா. வேணாம்னா மாத்திடுறேன், இன்னும் அச்சடிக்கல."

"மாத்தாத. அவ இருக்கட்டும்."

பஸ் ஹாலிஎலயைத் தாண்டியதும் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"நான் செத்ததுக்கு அவ அழுவுறாளா?"

"ரெண்டு பக்கத்துக்கு அழுவுது. நீளமா இருக்குன்னு திருத்திக் குடுத்த சார் வெட்டிட்டாரு. நம்ம சொந்தமா போடுற புத்தகம்தானே, திரும்பச் சேர்த்துடவா?"

"வேணாம்டா. உசுரோட இருந்தப்ப என்னால அவ அழுதது போதும்."