அரை மணி நேரம் உக்காரு

மத்தியானம் மூணு மணிதான். ஆனா நவம்பர் மாசம்... மொண்டானா மலையில மூணு மணிக்கே சாயங்காலம் ஆரம்பிச்சுரும். லோன் பைன் ஓடைக்கு ஏறுற மண் ரோடு. அதுல ஒரே ஒரு பிக்கப் வண்டி. முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல.

அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கப்பா. ம்... சரி.

வண்டிய ஓட்டுறது மார்னா. என் சிநேகிதி டார்லாவோட அத்தை. பக்கத்துல மார்னாவோட தம்பி எல்டன். வளந்த ஆளு, தாடி வெச்சவன்... ஆனா கைய மடியில வெச்சுக்கிட்டு பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருக்கான். நான் அந்த ஊர்ல ரொம்ப காலம் குப்பை கொட்டினவ. அக்கா, தம்பி ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க.

"காப்பி குடிடா" அப்படின்னா மார்னா.

"வேணாங்க்கா."

"மூஞ்சியப் பாரு. வேட்டைக்கு வந்தவன் மாதிரியா இருக்க? பல்லு புடுங்கப் போறவன் மாதிரி இருக்க."

அவன் சிரிக்கல. வெளிய பாத்துக்கிட்டே மெதுவா சொன்னான். "அக்கா... போன வருஷம் அந்த எல்க் மானை நான் தவற விடல. பட்டுச்சு."

மார்னா ரோட்டை விட்டுட்டு அவனைத் திரும்பிப் பாத்தா. ஏன்னு கேளுங்க.

அந்தக் குடும்பம் பழைய மாடல் துப்பாக்கியிலதான் சுடும். லீவரை இறக்கி, ஒரே ஒரு தோட்டா போட்டு, மூடணும். அவ்ளோதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தோட்டா. அதுவும் கருமருந்து அடைச்சு வீட்லயே செஞ்சது. யாரோடதுன்னு தெரிய அடியில அரத்தால கீறியிருப்பாங்க. அப்பாவுக்கு ஒரு கீறல், மார்னாவுக்கு ரெண்டு, எல்டனுக்கு மூணு. சுட்டா, காலித் தோட்டாவ நின்ன இடத்துல ஒரு குச்சியில சொருகி வெக்கணும். 'இங்கேருந்துதான் சுட்டேன்'னு மத்தவங்களுக்கு அடையாளம். அப்புறம் அரை மணி நேரம் உக்காரணும். சுட்டவனும் சரி, சத்தம் கேட்டவனும் சரி... ஒருத்தரும் அசையக் கூடாது. உடனே துரத்துனா அடிபட்ட மான் மலை தாண்டி ஓடிரும். விட்டுட்டா பக்கத்துலயே படுத்துரும். அதுக்கப்புறம் போய் முடிக்கணும். வலியோட அலைய விட்டுட்டு வீட்டுக்கு வரக் கூடாது. இது அவங்க அப்பா ஆர்விட் போட்ட சட்டம்.

போன வருஷம் எல்டன் சுட்டான். குளிரு, இருட்டு, சோம்பேறித்தனம்... "தப்பிருச்சுப்பா"ன்னுட்டான். அப்பா அவனையே கொஞ்ச நேரம் பாத்தாரு. "எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்"னு துப்பாக்கிய எடுத்துக்கிட்டுத் தனியா போனாரு.

ராத்திரி பனிப்புயல்.

பனி கரைஞ்சப்பதான் கெடச்சாரு. ஒரு பெரிய பைன் மரத்துல சாஞ்சு உக்காந்தபடி. மடியில துப்பாக்கி, லீவர் இறங்கியிருக்கு. உள்ள தோட்டா இல்ல. காலித் தோட்டாவும் இல்ல. அக்கம் பக்கத்துல ஒரு குச்சி விடாம தேடிப் பாத்தாங்க. கெடைக்கல. எதைச் சுட்டாரு...? தெரியாது.

"முன்னாடியே சொல்லியிருந்தா அப்பா தனியா போயிருக்க மாட்டாருடா" அப்படின்னா மார்னா.

"தெரியும்க்கா. அதான் முடிச்சுட்டு வரலாம்னு."

"என்னத்த முடிப்ப? ஒரு வருஷம் ஆச்சு."

"அது இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு. அப்பா அது பின்னாடியே போயிட்டிருக்காரு. ராத்திரி கண்ண மூடினா தெரியுது."

வண்டியத் திருப்பிரலாமான்னு அவளுக்கு இருந்துச்சு. ஆனா அவன் தூங்கி எத்தனை மாசம்... மலையில ஒரு தடவை உக்காந்துட்டு வந்தா மனசு அடங்குமோன்னு ஒரு நப்பாசை. அப்பாதான் போயிட்டாரு, தம்பியாவது தனக்கு மிஞ்சணும். அவளுக்கு வேற யாரு இருக்கா?

வண்டிய விட்டு இறங்கி மலை ஏறினாங்க. ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் அவன். முழங்கால் அளவு பனி. காத்தே இல்ல. ஒரு பறவை கூட கத்தல. மூச்சு விட்டா தன் காதுக்கே கேக்குது.

நாலரை இருக்கும்.

டும்ம்...

'பட்'டுன்னு வெடிக்கல. நெஞ்சுக்கூட்டுல வந்து விழற சத்தம். மார்னா ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டா. எல்டன் துப்பாக்கி இவ்வளவு கனமா பேசாது. அப்பாவோடதுதான் இப்படிப் பேசும். ஆனா அது வீட்டுச் சுவத்துல தொங்குது. பனி ஜாஸ்தியா இருந்தா சத்தம் அப்படித்தான் இருக்கும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா.

அப்புறம் என்ன பண்ணா...? உக்காந்தா. புத்தி சொல்லி உக்காரல. சின்ன வயசுலேருந்து பழகின உடம்பு. அரை மணி நேரம். அந்தப் பக்கம் தம்பியும் உக்காந்திருப்பான்னு நம்பிட்டு.

அரை மணி கழிச்சு முகட்டைத் தாண்டினா... அழுகுன முட்டை நாத்தம். கருமருந்துப் புகை. எல்டன் இல்ல. குச்சியில காலித் தோட்டா சொருகியிருக்கு. கையில எடுத்தா சூடா இருக்கு. அந்தக் குளிர்ல, அரை மணி கழிச்சும்... சூடா. திருப்பிப் பாத்தா.

ஒரு கீறல்.

கீழ பனியில எல்க் தடம். முன்னங்கால் ஒண்ணை இழுத்து இழுத்து நடந்திருக்கு. அது பின்னாடி பெரிய பூட்ஸ் தடம். எல்டனோட தடத்தைத் தேடுறா, தேடுறா, காணோம். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. அந்தப் பெரிய தடத்துக்குள்ளயே அவன் கால வெச்சு நடந்திருக்கான். சின்ன வயசுல ஆழமான பனியில ரெண்டு பேரும் அப்படித்தான் அப்பா பின்னாடி போவாங்க. அவர் மிதிச்ச குழியில கால வெச்சா கஷ்டம் தெரியாது.

"எல்டா... டேய், எல்டா..."

கூப்பிட்டுக்கிட்டே போனா. ரொம்ப தூரம். கால் வலிக்கவே இல்ல. மூச்சு வாங்கவே இல்ல. இவ்வளவு பனியில எப்படி இவ்வளவு லேசா நடக்குறோம்னு கீழ பாத்தா...

அவ காலும் அதே குழியிலதான் விழுந்துக்கிட்டிருக்கு.

திரும்பி ஓடி வந்துட்டா. பயந்து, தம்பிய விட்டுட்டு ஓடி வந்துட்டா. அதை அவளே டார்லாகிட்ட சொல்லி அழுதா.

நாய், ஹெலிகாப்டர்னு தேடாத இடமில்ல. பனி கரைஞ்சதும் கெடச்சான். அதே பைன் மரம். சாஞ்சு உக்காந்தபடி. மடியில துப்பாக்கி, லீவர் இறங்கியிருக்கு. தோட்டாவும் இல்ல, காலித் தோட்டாவும் இல்ல.

அதுக்கப்புறம் மார்னா மலைப் பக்கமே போகல. டவுன்ல வீடு எடுத்துட்டா. தன் துப்பாக்கிய மட்டும் விக்க மனசு வரல, கதவுக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தா. டார்லா எப்ப போனாலும் ஒரே பொலம்பல்தான்: "அந்த அரை மணி நான் உக்காந்திருக்கக் கூடாது டார்லா. ஓடியிருந்தா புடிச்சிருப்பேன். உக்காந்து உக்காந்தே என் தம்பிய விட்டுட்டேன்."

அடுத்த நவம்பர். முதல் பனி விழுந்த அன்னிக்கு சாயங்காலம் டார்லாவுக்குப் போன். அத்தை குரல். மூச்சு வாங்குது... ஆனா சந்தோஷமா பேசுறா.

"கொல்லையில ஒரு சத்தம் கேட்டுச்சு டார்லா. எல்டன் துப்பாக்கி. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?"

"அத்தை, கதவைத் திறக்காதீங்க. நான் வந்துட்டே இருக்கேன். உக்காருங்க. அரை மணி நேரம் உக்காருங்க அத்தை..."

"இந்தத் தடவை உக்கார மாட்டேன்டி."

போன் வெச்சுட்டா.

டார்லா போனப்ப கொல்லைக் கதவு தொறந்து கெடக்கு. மேஜையில காப்பி, இன்னும் ஆவி பறக்குது. துப்பாக்கி மாட்டுற ஆணி காலி. வெளிய அழுகுன முட்டை நாத்தம். பிளம் மரத்துக் குச்சியில ஒரு காலித் தோட்டா. மூணு கீறல். தொட்டா சூடு.

வேலி தாண்டி மலைப் பக்கம் ஒரே ஒரு வரிசைத் தடம். பெரிய பெரிய பூட்ஸ் தடம். டார்லா டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பாத்தா.

ஒவ்வொரு குழியிலயும் ஒண்ணு மேல ஒண்ணா மூணு கால் அச்சு. கடைசியா பதிஞ்சது, சின்னது... செருப்பில்லாத வெறுங்கால்.