நீட்டிய விரலுக்கு ஒரு வணக்கம்

மிசுகி மலைத்தடத்தில் இருபத்தேழு ஆண்டு ரயில் வண்டி ஓட்டி, ஹிராசே நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் பதினான்கு ஆண்டு காத்திருந்து, ஓடியதிலும் காத்ததிலும் ஒரே ஒழுக்கம் பேணி, இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய நெமோதோ தெய்ஜி சான் அவர்களின் திருமுன், நிலையத்தார் அனைவரும் நெஞ்சம் நெகிழ வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கடமையைக் கண்ணாகக் கொண்டவரே! கண்ணே மங்கியபோதும் கடமை மங்காதவரே!

இம்மடலை எழுதும் பேறு, தங்கள் மேசையின் எதிர்ப்புறத்தில் இத்தனை காலம் அமர்ந்திருந்த இகராஷி மிட்சுயோவாகிய எனக்கு வாய்த்தது. "அலங்காரமா எழுதித் தொலைக்காத, மிட்சுயோ. நான் இன்னும் சாகல" என்று நேற்றே எச்சரித்தீர்கள். பொறுத்தருள வேண்டும். தங்கள் சொல்லை இந்த அறை மீறுவது இதுவே முதல் முறை.

வெண்கையுறை அணிந்த வித்தகரே! இருபத்து நான்காம் வயதில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தீர்கள். சிக்னலை விரல் நீட்டிச் சுட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்வது நம் தொழிலின் விதி. அதை எல்லோரும்தான் செய்கிறோம். ஆனால் தங்கள் விரல் நீண்டால் அதில் சோம்பல் இராது. தங்கள் குரல் எழுந்தால் முதல் பெட்டியின் கடைசி இருக்கை வரை கேட்கும். பனி பொழிந்த நாளிலும் பாதி உறக்கத்தில் பயணிகள் சரிந்திருந்த விடியலிலும், "சிக்னல் பச்சை, சரி!" என்ற அந்தக் குரல் குன்றியதே இல்லை.

ஐம்பத்தோராம் வயதில், ஆண்டுதோறும் நடக்கும் கண் சோதனையில், தங்கள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருவதை மருத்துவர் கண்டார். கண் அழுத்த நோய். அன்று மதியமே இருக்கை பறிபோயிற்று. கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும் விதி இடம் தரவில்லை. மறுவாரம் தங்களைக் குடைகளுக்கு நடுவே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். விழா நாளில் இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லாமல் விட்டால் தங்கள் பெருமையில் பாதி விடுபட்டுப் போகும் என்பதால் சொல்கிறேன்.

முதல் பதினோரு மாதம் தாங்கள் எவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியில் ஏற மனமின்றி, ஒரு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வேலைக்கு வந்தீர்கள். கையுறை இழுப்பறைக்குள் போயிற்று. பொருள்களைச் சுட்டிச் சரிபாருங்கள் என்று நான் கேட்டபோது, "குடைக்கு என்ன சிக்னலா இருக்கு, விரல் நீட்ட?" என்று எரிந்து விழுந்தீர்கள். கையுறைக்கு அடியில் விலகல் கடிதம் ஒன்று எழுதி, உறையிலிட்டு ஒட்டி வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். இன்று கொடுப்பாரோ நாளை கொடுப்பாரோ என்று தினமும் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்நாளில்தான் நான் ஒரு பெரும்பிழை செய்தேன். மலையூர்க்காரர்கள் நகரத்து உறவினருக்குப் பிளம் ஊறுகாய் கொண்டுவரும் பருவம் அது. வண்டியில் மறந்துவிட்ட ஊறுகாய் ஜாடிகள் மூன்று ஏற்கெனவே அறையில் இருந்தன. நான்காவதாக, முதல் பெட்டியின் மேல்தட்டிலிருந்து நீலக் கட்டத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று வந்தது. கனத்தது, அசைத்தால் உள்ளே மெல்லச் சத்தம் கேட்டது. முடிச்சை அவிழ்க்கச் சோம்பி, 'பீங்கான் ஜாடி' என்று பதிந்து மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, காவல் நிலையத்துக்கு ஒப்படைக்கும் பட்டியலை நான் வாசிக்க, தாங்கள் அலமாரி முன் நின்றீர்கள். நான் "பீங்கான் ஜாடி, நாலு" என்றதும், என்ன நினைப்பில் இருந்தீர்களோ, தங்கள் வலக்கை தானாக எழுந்தது.

"ஜாடி ஒண்ணு, சரி. ரெண்டு, சரி. மூணு, சரி."

நான்காவதில் விரல் நின்றுவிட்டது. அருகில் போய்த் துணியைத் தொட்டு, உள்ளே இருந்த பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்த்தீர்கள்.

"மிட்சுயோ, இது ஜாடி இல்ல."

"பின்ன என்ன?"

"மனுஷன்."

முடிச்சுக்குள் மரப்பெட்டி, பெட்டிக்குள் வெண்ணிற அஸ்திக் கலசம். பெயர் எழுதிய தாள் எதுவும் இல்லை. தாங்கள் முழந்தாளிட்டுக் கைகூப்பினீர்கள். ஒரு மனிதரை ஊறுகாயோடு அடுக்கி வைத்தேனே என்று நான் தேம்பினேன். "அழுதது போதும். யாரோ இவரைத் தேடிட்டு இருப்பாங்க, அதப் பாரு" என்றீர்கள்.

நிலைய அதிபர் அன்று மாலை வரைதான் தவணை தந்தார். அதற்குள் உரியவர் வராவிட்டால் அவர் காவல் துறையின் நகரத்துக் கிடங்கில் ஓர் எண்ணாகிவிடுவார். மூட்டை வந்த வண்டி மலையின் ஏழு நிலையங்களைக் கடந்து வந்தது. எதிலும் ஊழியர் கிடையாது, தொலைபேசியை எடுக்க ஆளில்லை. நேரில்தான் போக வேண்டும், அதுவும் வண்டியில். கலசத்தைத் தங்கள் நாற்காலியில் அமர்த்திவிட்டு நடைமேடைக்குப் போனீர்கள். ஒரு வண்டி வந்தது, ஏறாமல் நின்றீர்கள். நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வண்டியில், கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினீர்கள்.

நிலையம் நிலையமாக இறங்கி விசாரித்தீர்கள். ஐந்தாவதான தொச்சிசவாவில் ஒரு மூதாட்டி இருக்கையில் அமர்ந்திருந்தார். வண்டி வந்தும் அவர் ஏறவில்லை. பெயர் சுகவாரா கியோ. அங்கே நடந்ததை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"ஏம்மா, வண்டி போயிடுச்சே, ஏறலையா?" என்று கேட்டீர்களாம்.

"மூணு நாளா வர்றேன். ஏற தைரியம் வரல. நாப்பத்தொன்பதாம் நாள் காரியம், அவரைக் கோயில்ல வைக்கக் கொண்டுபோனேன். எறங்கும்போது குடையை எடுத்தேன், பையை எடுத்தேன், பூவைக்கூட எடுத்தேன். அவரை எடுக்கல. அம்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன ரயில்ல மறந்துட்டேன்னு எந்த வாயால வந்து கேப்பேன்?"

"அவர் பத்திரமா இருக்காரும்மா. என் நாற்காலியிலதான் உக்காந்திருக்காரு. அதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் ஊறுகாய் ஜாடி பக்கத்துல இருந்தாரு."

மூதாட்டி அழுதுகொண்டே சிரித்துவிட்டாராம். "ஊறுகாய்னா அவருக்கு உசுரு!"

வண்டி வளைவில் தெரிந்தது. தாங்கள் எழுந்து, பழக்கம் விடாமல், விரல் நீட்டிக் குரல் கொடுத்தீர்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அட, அந்தக் குரல் நீங்கதானா? எங்க வீட்டுக்காரரு முதல் பெட்டியத் தவிர வேற எதுலயும் ஏற மாட்டாரு. உங்க குரலக் கேட்டாத்தான் அன்னிக்குப் பொழுது நல்லாப் போகும்பாரு. திடீர்னு குரல் மாறிடுச்சு. 'அந்த மனுஷன் என்ன ஆனாரோ, யாராவது விசாரிச்சீங்களா'ன்னு கடைசிப் படுக்கையிலயும் கேட்டாரு."

இருவரும் முதல் பெட்டியில் அருகருகே அமர்ந்து வந்தீர்கள். அன்று மாலை சுகவாரா அம்மையாரின் கணவர் தம் மனைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் நான் பதிவேட்டைத் திறந்தபோது தங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'வெள்ளை உறை, ஒட்டியது, ஒன்று. கண்டெடுத்த இடம்: மேசை இழுப்பறை. உரியவர்: தெரியவில்லை.' காவல் நிலையத்துக்கு அனுப்பாமல், விதி சொல்லும் மூன்று மாதமும் நாங்களே வைத்திருந்தோம். யாரும் வந்து கேட்கவில்லை, கிழித்துப் போட்டோம். அந்த உறையைக் கிழித்த நாளைப் போல நான் இந்த அறையில் வேறெந்த நாளும் மகிழ்ந்ததில்லை.

தன்னை இழந்து தன்னைக் கண்டவரே! அன்று முதல் பதின்மூன்று ஆண்டு, ஒரு காலை தவறாமல், கையுறை அணிந்து அலமாரி முன் நின்றீர்கள். ஒற்றைக் காலணி, சரி. பள்ளிப் பை, சரி. பல் செட்டு, சரி. ஒரு முறை நான் காரணம் கேட்டதற்கு, "வழி நல்லாருக்கான்னு பாக்கத்தான் விரல் நீட்டுறோம்னு நெனச்சிருந்தேன். எதிர்ல இருக்கறதுக்குச் செய்யற மரியாதைபோல, மிட்சுயோ" என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து அரிசி அப்பளம் ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். கோயில் படி அதிகம் ஏறாதவர் தாங்கள். ஆனால் இருக்கை போனது, பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போகப்போகத் தங்கள் மனம் கனிந்ததை நான் கண்ணால் கண்டேன். முன்கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அப்பளக் கணக்கும் அப்படியே.

அன்பரே! இன்று தங்கள் பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோல் குறுகிவிட்டதை நாங்கள் அறிவோம். பக்கவாட்டில் நிற்பவர் தங்களுக்குத் தெரியமாட்டார். ஆகவேதான் இந்த மண்டபத்தில் இடம் தாராளமாக இருந்தும், நிலைய அதிபர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை முப்பத்தொருவரும் தங்களுக்கு நேர் எதிரே, மூன்று வரிசையில், தோளோடு தோள் நெருக்கி நிற்கிறோம். ஒருவரும் விடுபடவில்லை. முதல் வரிசையில் குள்ளமாக நிற்பவர் சுகவாரா அம்மையார். வயது எண்பத்தாறு, தொச்சிசவாவிலிருந்து தனியாக வண்டியேறி வந்திருக்கிறார்.

தாங்கள் நோயின்றி, மனக்குறையின்றி, நெடுங்காலம் வாழ வேண்டும். பேருந்தைத் தொடாமல், விரும்பும் நாளெல்லாம் முதல் பெட்டியில் ஏறி மலைக்குப் போய்வர வேண்டும். பார்வை எந்த நாளில் எந்த அளவுக்குச் சுருங்கினாலும், தங்கள் விரல் நீளும் திசையில் நாங்கள் வந்து நிற்போம்.

மடல் இத்துடன் முடிகிறது. இப்போது எங்கள் முப்பத்தொரு பேரின் வலக்கையும், சுகவாரா அம்மையாரின் கையும் உயர்கின்றன. ஐயா, நேரே பாருங்கள்.

"நெமோதோ தெய்ஜி சான், இங்கே இருக்கிறார், சரி!"

இவண்,
தங்கள் குரல் கேட்டு வளர்ந்த
ஹிராசே நிலையத்தார்