கால்வாய்ப் பாலத்து ஆள்

— உட்காருங்க நிஷிதே-சான். நம்ம குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரே வீடு தேடி வந்திருக்கீங்கன்னா, அந்த ஆளைப் பத்தித்தானே?

— ஆமா. அதைப் பத்தித்தான்.

— சங்கத்துலேர்ந்து எச்சரிக்கை வந்த அன்னிலேர்ந்து நான் சும்மா இல்ல, கேளுங்க. பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு டாண்ணு கால்வாய்ப் பாலத்துல போய் நின்னுடறேன். பய இன்னும் சிக்கல.

— தினமுமா போறீங்க?

— போகாம? 'எழுபது வயசிருக்கும், சாம்பல் தொப்பி, கையில கயிறு, சின்னப் பொண்ணுகிட்ட பேர் என்ன, வீடு எங்கன்னு விசாரிச்சான்.' இத போன்ல படிச்ச அன்னிக்கே கெளம்பிட்டேன். புள்ளைங்க வர்ற வழியில கயிறோட நிக்கிறான்னா, அவனெல்லாம் மனுஷனா?

— கொஞ்சம் இருங்க, குராமோச்சி-சான். சங்கத்துல குடுத்த கைப்பட்டை எங்க? போட்டுக்கறதில்லையா?

— அதுல நாய்ப் படம்ல இருக்கு. 'நாயுடன் காவல்'னு போட்டுக்கிட்டு, நாய் இல்லாம திரிஞ்சா சிரிக்க மாட்டாங்க? நம்ம நாய் கொமுகியோட அஸ்தி வீட்டுலதான இருக்கு, அதுக்குப் பக்கத்துல வெச்சுட்டேன்.

— அவ போனது பனிக்காலக் கடைசியில, இல்ல?

— ஆமா. பழைய புள்ளைங்கல்லாம் கேள்விப்பட்டு அழுதுச்சுங்க. ஏப்ரல்ல பள்ளிக்கூடத்துல புதுசா சேர்ந்ததுங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. முன்னல்லாம் அவ வாலை ஆட்டுனாப் போதும், தானா வந்து நிக்கும். இப்ப நான்தான் வலியப் போய் பேரு ஊரு கேட்டுப் பழக வேண்டியிருக்கு.

— பாலத்துக்குப் போறப்ப கையில ஏதாவது எடுத்துட்டுப் போவீங்களா?

— என்னத்த எடுத்துட்டுப் போறேன், அவளைக் கட்டிக் கூட்டிட்டுப் போற வார் மட்டும்தான். இத்தன வருஷப் பழக்கம், கை காலியா இருந்தா நடையே வரமாட்டேங்குது. ஏன் கேக்கறீங்க? டீயத் தொடவே இல்லையே நீங்க.

— அந்தச் செய்தியை எழுதி அனுப்பினது நான்தான். அந்தப் பொண்ணோட அம்மா ஊருக்குப் புதுசு. பயந்துபோய் சொன்னாங்க, சொன்னதை அப்படியே போட்டுட்டேன். யாரா இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். இன்னிக்குப் பாலத்துப் பக்கமா வந்தேன், தூரத்துலேர்ந்து உங்களைப் பாத்தேன், தலையில தொப்பி, கையில வார். அப்பதான் உறைச்சுது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல.

— சாம்பல் தொப்பின்னுதான போட்டிருந்தீங்க.

— ஆமா.

— எத்தன வீட்டுக்குப் போச்சு?

— எல்லா வீட்டுக்கும். தப்பாப் போட்டுட்டோம்னு இப்பவே திருத்தி அனுப்பிடறேன். உங்க பேரு வராது.

— வேண்டாங்க. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் வந்து நின்னான்னா, இதுவும் சங்கத்துக்காரங்க உளறல்னு விட்டுடுவாங்க. அந்தக் கொழந்தையும் இனிமே பயமில்லாம அந்த வழியா நடக்கணுமில்ல.

— அப்ப நான் என்னதான் போடட்டும்?

— ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, இனிமே அந்தப் பக்கம் வரமாட்டான்னு போடுங்க.